பிரெடரிக் டக்ளஸ் பாட்டர்ஸன்

ஒரு கலாசாலையை நிறுவினவர் பெயர் அதன் வாயிற் கல்லிலே பொறிக்கப்படுகின்றது. நிறுவப்பெற்ற பின்னர் வறுமையால் மெலிந்து, இவ்வாண்டு மூடுவோமோ வரும் ஆண்டு மூடுவோமோ என்று தத்தளித்து நின்ற பல கலாசாலைகளை ஒருங்கு கூட்டி, போட்டியிட்டுக்கொண்டிருந்த அவற்றை ஒன்றுக்கொன்று துணையாகச் செய்தவர் பெயரோ அவ்வாறு எளிதிற் கல்லில் ஏறுவதில்லை. அத்தகையார் ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம். அவர் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே டஸ்கீகி கலாசாலையின் தலைவராயிருந்த டாக்டர் பிரெடரிக் டக்ளஸ் பாட்டர்ஸன் ஆவார். டஸ்கீகியை நிறுவிய புக்கர் வாஷிங்டனாரின் சரித்திரத்தை நம்மவருட் பலர் அறிவர். அவரது ஆசனத்தில் மூன்றாமவராய் அமர்ந்த பாட்டர்ஸனார், தம் நாட்டிற் பெரும் புகழ் பெற்றவராயினும், நம்மிடையே அத்துணை அறியப்படாதவர்.

பாட்டர்ஸனார் 1901 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10 ஆம் நாள் வாஷிங்டன் மாநகரின் ஒரு பகுதியாகிய அனகோஸ்தியாவிற் பிறந்தார். அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு வெளியேறி, அடிமைகளின் விடுதலைக்காக நாவாலும் பேனாவாலும் போர் புரிந்த பிரெடரிக் டக்ளஸ் என்னும் பெருமகனார் தம் இறுதிக் காலத்தை அவ்விடத்திலேயே கழித்து 1895 ஆம் ஆண்டில் மறைந்தார். அப்பெருமகனாரது பெயரையே பெற்றோர் தம் கடைசிக் குழந்தைக்கு இட்டனர். இட்ட பெயரைச் சொல்லி அழைத்து வளர்க்க அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. குழந்தைக்கு ஓராண்டு நிறையுமுன் தாயும், அதன்பின் ஓராண்டளவில் தந்தையும் காசநோய்க்கு இரையாயினர். ஆறு பிள்ளைகளும் உற்றாரிடத்தும் நண்பரிடத்துமாகச் சிதறினர்.

இளையவரைச் சில ஆண்டுகள் வாஷிங்டனிலேயே ஒரு மூதாட்டியார் பேணினார். பின்னர் அவருடைய தமக்கையாராகிய வில்ஹெல்மினா, தாம் பள்ளி ஆசிரியையாயிருந்த டெக்ஸஸ் மாகாணத்துக்கு அவரை அழைத்துச் சென்றார். தாயில்லாப் பிள்ளைக்குத் தமக்கையே தாயானார். அவ்வம்மையார் தமது சொற்பச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கியே தம்பியின் படிப்பை நடத்தினார். ஊருக்கு ஊர் மாறி உத்தியோகம் பார்த்த தமக்கையோடு சிறுவரும் பள்ளிக்குப் பள்ளி மாறினார். ஒரு பிள்ளையைப் படிக்க வைப்பதற்கு ஒரு குடும்பம் எதை எதை விடவேண்டியிருக்கும் என்பதைப் பாட்டர்ஸனார் நூல்களிற் படித்தறிய வேண்டியதிருக்கவில்லை.

பெற்றோர் இருவரும் பயின்ற பிரெய்ரி வியூ கலாசாலையிலேயே மகனும் சேர்ந்தார். ஆங்கு மிருக வைத்தியம் கற்பித்த எட்வர்ட் எவன்ஸ் என்னும் ஆசிரியரிடம் ஈடுபட்டு, அவர் பயின்ற அயோவா மாகாணக் கலாசாலைக்கே தாமும் சென்று, 1923 ஆம் ஆண்டில் மிருக வைத்தியப் பட்டம் பெற்றார். வடபுலத்துக் குளிரிலே, தம் இனத்தார் மிகச் சிலரே இருந்த ஓரிடத்திலே, கிடைத்த வேலைகளைச் செய்து கொண்டு பெற்ற பட்டம் அது. அதன்பின் விர்ஜீனியா மாகாணக் கலாசாலையில் ஆசிரியரானார். இடையில் அயோவாவுக்கு மீண்டு 1927 இல் மேற்பட்டமும் பெற்றார். 1928 ஆம் ஆண்டில் அலபாமா மாகாணத்து டஸ்கீகிக்கு வந்து சேர்ந்தார். 1932 இல் கார்னெல் சர்வகலாசாலையில் கிருமி நூலாராய்ச்சிக்காக டாக்டர் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. அயோவாவிற் பயின்று டஸ்கீகிக்கு வந்தவர் அவருக்கு முன்னும் ஒருவர் உண்டு. வேர்க்கடலையையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரே அவர்.

டஸ்கீகியின் வரலாற்றையும் சிறிது கூறல் வேண்டும். 1881 ஆம் ஆண்டில் புக்கர் வாஷிங்டன் அதனைத் தொடங்கியபோது ஓர் ஒழுகும் குடிசையும் முப்பது மாணாக்கருமே அவருக்கு இருந்த செல்வம். மாணாக்கரே செங்கல் அறுத்துச் சுவர் எழுப்பினர். 1915 இல் அவர் மறைந்தபின் இராபர்ட் மோட்டன் இருபதாண்டுகள் தலைமை தாங்கினார். 1935 ஆம் ஆண்டில் மோட்டன் ஓய்வு பெற, முப்பத்து மூன்று வயதே நிரம்பிய பாட்டர்ஸனார் தலைவரானார். அவ்வாண்டிலேயே மோட்டனாரின் மகளார் காதரீன் அம்மையாரை மணந்தும் கொண்டார். மாமனார் ஆசனம் மருமகனுக்கு வந்தது என்று சிலர் எண்ணியிருத்தல் கூடும். வந்தது ஆசனம் மட்டுமன்று. கடனும் உடன் வந்தது. அக்காலத்தில் அமெரிக்காவைப் பற்றிய பெரும் பணமுடை இன்னும் நீங்கவில்லை. கலாசாலையின் செலவு வரவை மிஞ்சி ஓடிக்கொண்டிருந்தது.

புதிய தலைவர் கைகட்டி நின்றாரல்லர். கையிற் பணமில்லாத மாணாக்கர் முதலில் உழைத்துப் பொருள் சேர்த்துப் பின் அதனைக்கொண்டு படித்து ஐந்தாண்டிற் பட்டம் பெறுமாறு ஒரு திட்டம் வகுத்தார். பெரிய உணவு விடுதிகளில் வேலை பெறத்தக்க பாகசாஸ்திரப் பயிற்சியை ஏற்படுத்தினார். அவ்வூர் மண்ணையும் மணலையும் சிமெந்தோடு கலந்து கட்டிகளாக்கி, ஏழைக் குடியானவர் தம் கையாலேயே குறைந்த செலவில் வீடு கட்டிக்கொள்ளும் முறையைக் கற்பித்தார். பின்னர் 1945 ஆம் ஆண்டில் டஸ்கீகியில் மிருக வைத்தியக் கல்லூரி மாணாக்கரைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதும் அவரது முயற்சியே. தென் மாகாணங்களிற் கறுப்பு மக்கள் அவ்வித்தையைக் கற்பதற்கு அதுவரை இடமில்லாதிருந்தது. இவையெல்லாம் பெருஞ்செயல்களே. ஆயினும் இவை ஒரு கலாசாலையின் எல்லைக்குள் அடங்கியவை. எல்லை கடந்த செயல் ஒன்று உண்டு. இக்கட்டுரை அதற்காகவே எழுதப்படுகின்றது.

அதனை அறிதற்கு அந்நாட்டுக் கறுப்பு மக்களின் கலாசாலைகள் எவ்வாறு உயிர் வாழ்ந்தன என்று நோக்குதல் வேண்டும். உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்றபின், கிறிஸ்தவ சங்கங்கள் தென்னாட்டிற் பள்ளிகளையும் கலாசாலைகளையும் ஏற்படுத்தின. அமெரிக்க மிஷனெரி சங்கத்தார் 1866 இல் பிஸ்க் கலாசாலையையும், அடுத்த சில ஆண்டுகளில் தாலடேகா, டூகலூ முதலியவற்றையும் தொடங்கினர். பாப்டிஸ்டு சபையாரும் மெதடிஸ்டு சபையாரும் பிறரும் தத்தமக்கென்று தொடங்கினர். சில இடங்களிற் கறுப்பு மக்களின் சபைகளே காசு சேர்த்துத் தொடங்கின. வெள்ளையருக்கென்று அரசினர் நடத்திய கலாசாலைகளின் கதவு கறுப்பு மாணாக்கருக்கு அடைபட்டிருந்தது. ஆகவே இவை மூடப்படின் அவர்களுட் பெரும்பாலார்க்கு வேறு புகலிடம் இல்லை.

சம்பளத்தை உயர்த்தலாகாதோ எனின், உயர்த்துவது யாரிடம்? வருகின்ற பிள்ளைகளின் தந்தைமார் பிறர் நிலத்தைப் பங்குக்கு உழுது, பருத்தி விளைந்த ஆண்டிலும் கடன்காரராகவே நிற்பவர். அவர்கள் பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்ட கலாசாலை, அவர்கள் கொடுக்கமாட்டாத சம்பளத்தைக் கேட்குமாயின், அது திறந்திருந்தும் மூடியதற்கு ஒப்பாகும். ஆதலின் தலைவர்கள் வடநாட்டுச் செல்வரை நாடினர்.

நாடிய வகையும் பலவிதம். பிஸ்க் கலாசாலையின் பாடகர் குழு 1871 ஆம் ஆண்டில் ஊர் ஊராய்ப் புறப்பட்டு, அடிமைக் காலத்துப் பக்திப் பாடல்களைப் பாடி, கடல் கடந்து இங்கிலாந்து வரை சென்று, சேர்த்த பொருளால் ஒரு பெரிய மாளிகையையே எழுப்பிற்று. புக்கர் வாஷிங்டன் தம் வாழ்நாளிற் பெரும் பகுதியைப் புகைவண்டியிலும் பிறர் வாயிலிலுமே கழித்தார். மேரி மக்லியோட் பெத்யூன் அம்மையார் 1904 ஆம் ஆண்டில் ஒன்றரை டாலரைக் கையிற் கொண்டு பிளாரிடாவில் ஐந்து சிறுமியரோடு பள்ளி தொடங்கி, கிழங்குப் பணியாரம் சுட்டு விற்றும் அதனை நடத்தினார். அவர் பள்ளியே பின்னர் பெத்யூன்-குக்மன் கலாசாலையாயிற்று. இவர்கள் செய்தது பிச்சை என்று இகழ்வார் இருப்பின், அப்பிச்சையின் அருமையை அவர்கள் அறியார் என்க.

ஆனால் காலம் மாறிற்று. பழைய வள்ளல்கள் ஒவ்வொருவராய் இறந்தனர். அவர் மக்கள் தந்தையரைப் போல வாரி வழங்கவில்லை, வரிச்சுமையும் ஏறிற்று. கேட்போர் தொகையோ குறையவில்லை. ஒரே செல்வரது வாயிலில் இன்று டஸ்கீகியின் தலைவர், நாளை பிஸ்கின் தலைவர், மறுநாள் வேறொருவர். ஒவ்வொருவரும் தனித்தனியே பயணச் செலவு செய்தனர். தனித்தனியே அச்சிட்ட விண்ணப்பங்களை அனுப்பினர். ஒரு டாலரைப் பெறுவதற்கு அதில் எவ்வளவு செலவாகின்றது என்று பாட்டர்ஸனார் கணக்குப் பார்த்தார். தம் கலாசாலைக் கணக்கோடு நில்லாமல், பிற கலாசாலைத் தலைவர்களுக்கும் எழுதி, அவர்கள் எவ்வளவு திரட்டுகின்றனர், திரட்ட எவ்வளவு செலவிடுகின்றனர் என்று உசாவினார். வந்த விடைகள் அவர் ஐயத்தை உறுதிப்படுத்தின. எல்லாரும் ஒரே நோயால் வருந்தினர். எல்லாரும் தத்தம் நோயை மறைத்துக்கொண்டிருந்தனர். இதற்கிடையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இளைஞர் படைக்குச் சென்றமையால் மாணாக்கர் தொகையும், அதனோடு சம்பள வருவாயும் குறைந்தன.

அவருக்கு வழி காட்டியது ஒரு நோயாளர் விடுதி என்றால் வியப்பாயிருக்கும். இளம்பிள்ளை வாதத்தால் கால் முடங்கிய கறுப்புக் குழந்தைகளுக்கென்று 1941 ஆம் ஆண்டில் டஸ்கீகியில் ஒரு வைத்தியசாலை திறக்கப்பட்டது. அந்நோயை எதிர்க்க ஏற்பட்டிருந்த தேசீய சங்கத்தார் அதற்குப் பொருளுதவினர். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்நோய்க்கு ஆளானவர். அவர் ஆதரவில் நடந்த அச்சங்கம் கோடீசுவரரை மட்டும் நம்பி இருக்கவில்லை. ஆளுக்கு ஒரு பத்துக் காசு அனுப்புமாறு நாடு முழுவதையும் கேட்டது. காசுகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. சிலரிடம் பெருந்தொகை கேட்பதை விட்டுப் பலரிடம் சிறுதொகை கேட்டால் என்ன, தனித்தனியே கேட்பதை விட்டு எல்லாக் கலாசாலைகளும் ஒரே குரலிற் கேட்டால் என்ன என்று பாட்டர்ஸனார் எண்ணலானார். ஊர் கூடினாலன்றித் தேர் நகராது என்பது நம் நாட்டுச் சிறுவரும் அறிந்ததே. ஆனால் வடத்தைப் பிடிக்க ஒவ்வொருவரையும் இணங்கச் செய்வதிலன்றோ தொல்லையெல்லாம் இருக்கின்றது!

1943 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் தொடக்கத்திலே கார்வர் டஸ்கீகியிற் காலமானார். அத்திங்கள் 30 ஆம் நாள், பிட்ஸ்பர்க் நகரிலிருந்து வெளிவந்த கூரியர் என்னும் கறுப்பு மக்களின் பத்திரிகையில், பாட்டர்ஸனார் தாம் எழுதிவந்த பத்தியிலே தம் கருத்தை வெளியிட்டார். தனியார் நடத்தும் கறுப்பு மக்களின் கலாசாலைகள் தனித்தனியே செலவிடும் சிறு சிறு தொகைகளை ஒன்று சேர்த்து, நாடு முழுவதற்கும் ஒரே விண்ணப்பம் விடுத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம்.

எழுதுவது எளிது. ஒரு கலாசாலைத் தலைவரிடம் அவர் நூலகத்தைப் பங்கிடுமாறு கேட்டால் ஒருவேளை இணங்குவார்; ஆசிரியரைச் சில காலம் கடனாகக் கேட்டாலும் தருவார். தமக்குக் கொடை கொடுப்போர் இன்னார் என்னும் ஜாபிதாவை மட்டும் அவர் உயிர்போலக் காப்பார். அது முப்பது நாற்பது ஆண்டுகளாக, கடிதத்தின்மேற் கடிதம் எழுதி, விருந்திற்கு அழைத்து, துக்கத்திற்குச் சென்று, சிறுகச் சிறுகச் சேர்த்த உறவு. அதனைப் பொதுவில் வைக்கச் சொன்னால் அஞ்சாதார் யார்? சிறிய கலாசாலைகள் பெரியவற்றின் நிழலில் தம் பெயர் மறைந்துவிடுமே என்று அஞ்சும். பெரியவை, தமக்கென வந்துகொண்டிருந்த நீர் பல கால்களாய்ப் பிரிந்தோடிவிடுமே என்று அஞ்சும். பாப்டிஸ்டு கலாசாலைக்கென்று கொடுப்பவர் மெதடிஸ்டு கலாசாலைக்கும் சேர்த்துக் கொடுப்பாரோ என்ற ஐயமும் எழும். இவ்வச்சங்களை அற்பமென்று நாம் தள்ளிவிடலாகாது. கணக்கப்பிள்ளை சம்பளநாளில் எதிரே வந்து நிற்கும்போது, பொதுநலம் பேசுதல் எல்லார்க்கும் இயலுவதன்று.

பாட்டர்ஸனாருக்கு இவ்விடத்தில் ஒரு பெரும் வலிமை இருந்தது. இழப்பு நேருமாயின் முதலில் இழக்கக்கூடியது அவர் கலாசாலையே. வாஷிங்டனாரும் கார்வரும் தேடித்தந்த புகழால், கறுப்பு மக்களின் கலாசாலைகளுள் டஸ்கீகிக்கு வடநாட்டில் இருந்த நண்பர் கூட்டம் மிகப் பெரிது. தன் பெயரைச் சொல்லியே தனியாக வாழக்கூடிய ஒரு கலாசாலையின் தலைவர், எல்லார் பெயரையும் சேர்த்துச் சொல்வோம் என்று முன்வந்தார். நலிந்த கலாசாலை ஒன்றின் தலைவர் இதனைக் கூறியிருப்பின், பிறர் பங்கில் வாழப் பார்க்கிறார் என்றே உலகம் நகைத்திருக்கும். இந்த முயற்சி முழுவதிலும் மிக உயர்ந்த செயல் அதுவே என்பது எம் கருத்து.

கூட்டங்கள் நடந்தன, விதிகள் வகுக்கப்பட்டன. தொடக்கச் செலவைக் கலாசாலைகளும் இரண்டு தரும ஸ்தாபனங்களும் பகிர்ந்துகொண்டன. 1944 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25 ஆம் நாள் ஐக்கிய நீக்ரோக் கல்லூரி நிதி என்னும் பெயரால் அச்சங்கம் சட்டப்படி பதிவாயிற்று. அந்நாளில் அவ்வினத்தார் தாமே தமக்கு வழங்கிவந்த பெயர் சங்கத்தின் பெயரிலும் அமைந்தது. இந்நாளில் அது பெரும்பாலும் முதலெழுத்துக்களாலேயே குறிக்கப்படுகின்றது. தொடக்கத்தில் 27 கலாசாலைகள் சேர்ந்தன. அவற்றிற் பயின்ற மாணாக்கர் ஏறக்குறைய 14,000 பேர். டஸ்கீகி, பிஸ்க், மோர்ஹவுஸ், ஸ்பெல்மன், டில்லார்ட், பெத்யூன்-குக்மன், பென்னட் முதலியன அவற்றுட் சில. பாட்டர்ஸனார் முதல் தலைவரானார். நாள்தோறும் நடக்கும் வேலையை நடத்தும் அதிகாரியாக வில்லியம் டிரெண்ட் என்பவர் அமர்ந்து 1964 வரை இருபதாண்டுகள் உழைத்தார். இத்தகைய சங்கங்களிற் பெயர் ஒருவருக்கும் பாரம் ஒருவருக்குமாக அமைவது வழக்கம். டிரெண்டின் உழைப்பை மறத்தல் நன்றன்று.

விதிகளின் உட்பொருள் இரண்டே. பொது விண்ணப்பம் நடைபெறும் காலத்தில் எந்தக் கலாசாலையும் தனக்கென்று அதே வாயிலைத் தட்டுதல் கூடாது. சேர்ந்த பொருளில் ஒரு பகுதி எல்லார்க்கும் சமமாகவும், மற்றையது மாணாக்கர் தொகை முதலியவற்றைக் கணக்கிட்டும் பங்கிடப்படும். சமபங்கு ஒன்று இருந்தமையாற் சிறியவை சேர்ந்தன. மற்றொரு பங்கு இருந்தமையாற் பெரியவை விலகவில்லை. பாட்டர்ஸனார் மிருக வைத்தியர்; ஒரே தொட்டியிற் பல மாடுகளைத் தண்ணீர் குடிக்கச் செய்யும் வகை அறிந்தவர் என்று வேடிக்கையாகக் கூறலாம்.

முதலாண்டு விண்ணப்பத்துக்கு நியூயார்க் நகரத்துப் பெரு வணிகரான வால்டர் ஹோவிங் தலைமை ஏற்றார். இளைய ராக்பெல்லரும் ரூஸ்வெல்டும் ஆதரவு கொடுத்தனர். பணம் கொடுத்தோர் செல்வர் மட்டுமல்லர். தொழிலாளரும், போர்வீரரும், தேவாலயத்தாரும் தம்மாலானதை அளித்தனர். ஏழரை இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அக்கலாசாலைகள் தனித்தனியே ஓடி முன்னர்ச் சேர்த்து வந்த தொகையை அது பன்மடங்கு விஞ்சியதாயிருந்தது. பின்னாளில் ஜனாதிபதியான கென்னடி, தாம் எழுதிய நூலுக்கு 1957 இல் கிடைத்த புலிட்ஸர் பரிசுப் பணத்தை இந்நிதிக்கே அளித்தார்.

பணத்தினும் பெரிதொரு பயன் விளைந்தது. தனித்தனியே விளம்பரம் செய்ய வகையற்றிருந்த சிறு கலாசாலைகளின் பெயர்களை நாடு முழுவதும் முதன்முறையாக ஒரே வரிசையிற் கண்டது. வடநாட்டு நகரங்களில் வாழ்ந்த கறுப்புக் குடும்பத்தார் தம் பிள்ளைகளுக்கு இத்தனை இடங்கள் உண்டு என்று அறிந்தனர். 1946 ஆம் ஆண்டில் தாலடேகாவின் பழைய மாணாக்கராகிய ஜேம்ஸ் ஸ்டாம்ப்ஸ் என்பவர் முயற்சியால் உறுப்புக் கலாசாலைகளின் பழைய மாணாக்கர் அனைவருக்கும் பொதுவாக ஒரு சபை தோன்றிற்று. அதன் கிளைகள் நகரந்தோறும் ஏற்பட்டன. பொருள் திரட்டுவதோடு, உயர்நிலைப் பள்ளிகளிற் படிக்கும் பிள்ளைகளைக் கண்டு பேசிக் கலாசாலைக்கு வரத் தூண்டுவதும் அவற்றின் பணியாயிற்று. பிஸ்கிற் படித்தவர் ஒருவர் தம் தெருப் பிள்ளைக்கு மோர்ஹவுஸ் ஏற்றது என்று சொல்வதை எண்ணிப் பாருங்கள்! தம் கலாசாலைக்கன்றி வேறொன்றுக்கு ஒரு மாணாக்கனை அனுப்பும் பழைய மாணாக்கரை நாம் எத்தனை பேர் கண்டிருக்கின்றோம்?

பின்னர் மேலும் ஒரு படி சென்றனர். உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு, உறுப்புக் கலாசாலைகள் பலவற்றுக்கும் பொதுவாகத் தேர்வு ஒன்று நடத்தப்பட்டது. ஏழைப் பிள்ளை கலாசாலைதோறும் விண்ணப்பக் கட்டணமும் பயணச் செலவும் கொடுத்து அலைய வேண்டாது, ஒரு தேர்வு எழுதிப் பல கலாசாலைகளின் உதவிச் சம்பளங்களுக்குப் போட்டியிட வழி பிறந்தது. கலாசாலைகளுக்கும் தனித்தனித் தேர்வுச் செலவு மிஞ்சிற்று. கொடையாளர் ஜாபிதாவைப் பொதுவில் வைத்தவர்களுக்கு, மாணாக்கர் ஜாபிதாவைப் பொதுவில் வைப்பது அத்துணைக் கடினமாய்த் தோன்றவில்லை போலும்.

பாட்டர்ஸனார் குறைகூறப்படாத மனிதரல்லர். 1941 ஆம் ஆண்டில் கறுப்பு இளைஞருக்குப் போர்விமானப் பயிற்சி அளிக்கும் நிலையம் டஸ்கீகியில் அமைவதற்கு அவர் முன்னின்று உழைத்தார். அதற்கான விமான நிலத்துக்கு மாமனாரின் பெயரே இடப்பட்டது. வெள்ளையரோடு சேர்ந்து பயிலும் உரிமையைக் கேட்க வேண்டியவர், பிரித்து வைக்கும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டாரே என்று தம் இனத்துத் தலைவர் பலர் சினந்தனர். அச்சினம் நியாயமற்றதென்று கூறுதற்கில்லை. கிடைத்த கதவைத் திறந்துகொண்டு உள்ளே சென்று, அடுத்த கதவைப் பின்னர் தட்டுவோம் என்பது அவர் கொள்கை. அங்குப் பயின்ற விமானிகள் ஐரோப்பாவின் வானிற் போர்செய்து பெற்ற பேர் உலகறிந்தது. 1948 இல் படையிற் பிரிவினை நீங்க ஆணை பிறந்தபோது அவ்விமானிகளின் புகழும் அதற்கு ஒரு காரணமாயிருந்தது. ஆயினும் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

அதே கேள்வி 1954 ஆம் ஆண்டில் வேறுருவில் வந்து நின்றது. பள்ளிகளில் இனம் பிரித்தல் சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு தீர்ப்பளித்தது. இனி எல்லாக் கலாசாலைக் கதவுகளும் திறக்கும். கறுப்பு மக்களுக்கெனத் தனிக் கலாசாலைகள் எதற்கு, அவற்றிற்கு நிதி எதற்கு என்று கொடையாளர் வினவினர். பாட்டர்ஸனார் தரப்பின் விடை இதுவாயிருந்தது. இக்கலாசாலைகள் யாரையும் நிறம் நோக்கித் தள்ளவில்லை. தள்ளப்பட்டவர்க்கு இடம் கொடுத்தன. சட்டம் ஒருநாளில் மாறலாம். ஆனால் எட்டு மாதம் பருத்திக் காட்டிலும் நான்கு மாதம் பள்ளியிலும் கழித்த பிள்ளையை ஏற்று, அவன் விட்டுப்போன பாடத்தையும் கற்பித்துப் பட்டதாரியாக்கும் பொறுமை ஒருநாளில் எங்கும் உண்டாவதில்லை. நிதி நிலைத்தது. பிறகு வந்த ஆண்டுகளில் அரசினர் கலாசாலைகளிலும் கறுப்பு மாணாக்கர் பெருந்தொகையாய்ச் சேர்ந்தனர். அப்போதும் இக்கலாசாலைகளைத் தேடி வந்தோர் குறைந்தொழியவில்லை.

1953 ஆம் ஆண்டில் அவர் டஸ்கீகியினின்றும் விலகி, கல்விக்கென ஏற்பட்ட பெல்ப்ஸ்-ஸ்டோக்ஸ் நிதியின் தலைமையை ஏற்று 1970 வரை அப்பணியிலிருந்தார். விர்ஜீனியாவில் ஆற்றங்கரையிலே மோட்டனார் ஓய்ந்திருந்த இல்லத்தைக் கலாசாலை அதிகாரிகள் கூடிக் கலந்து பேசும் இடமாக மாற்றினார். கணக்கு வைப்பதும், மாணாக்கரைச் சேர்ப்பதும், பொருள் திரட்டுவதும் ஆங்கு ஆராயப்பட்டன. ஆண்டுதோறும் கேட்டு ஆண்டுதோறும் உண்பது எந்நாளும் நிலையாது. மூலநிதி இல்லாத கலாசாலை வேரற்ற மரம் என்பதை முதுமையில் மிகவும் வற்புறுத்தினார். எழுபதைக் கடந்த வயதில், கொடைப்பணத்தையும் கடன்பணத்தையும் சேர்த்து முதலீடு செய்து கலாசாலைகளுக்கு மூலநிதி வளர்க்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். நிதிநூல் வல்லாரும் தயங்கிய அவ்வேலையை ஒரு மிருக வைத்தியர் மேற்கொண்டார்.

1987 ஆம் ஆண்டில் ஜனாதிபதி ரீகன், குடிமக்களுக்கு அந்நாடு அளிக்கும் மிகவுயர்ந்த விருதாகிய சுதந்திரப் பதக்கத்தை அவருக்குச் சூட்டினார். அடுத்த ஆண்டு, 1988 ஏப்ரல் 26 ஆம் நாள், நியூயார்க்கை அடுத்த நியூ ரோஷெல் நகரிலே தமது 86 ஆம் வயதிற் பாட்டர்ஸனார் காலமானார். நிதி பதிவாகி நாற்பத்து நான்கு ஆண்டு நிறைந்ததன் மறுநாள் அது. உடலை டஸ்கீகிக்குக் கொணர்ந்து, வாஷிங்டனாரும் கார்வரும் துயிலும் அக்கலாசாலைக் கல்லறைத் தோட்டத்திலே அடக்கம் செய்தனர்.